அம்மா கொண்டுவந்த மருந்துப் பை

விடுமுறை தொடங்கி இரண்டாவது வாரம் ஆனால் போதும், என் கிளினிக்கில் ஒரு காட்சியை அடிக்கடி பார்ப்பேன். மகனோ மகளோ பதற்றத்தோடு முன்னால் வருவார்கள். பின்னாலேயே, பிள்ளையின் பெரிய கோட்டைப் போர்த்திக்கொண்டு, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ அப்பாவோ மெல்ல நடந்து வருவார்கள். உட்கார்ந்ததும் அவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "ஒண்ணுமில்ல டாக்டர், லேசா களைப்பு. இவன்தான் பயந்துட்டான்."

வெளிநாட்டில் பொது மருத்துவராக இருக்கும் எனக்கு அந்த "ஒண்ணுமில்ல" மீது நம்பிக்கை போய் நெடுநாளாகிவிட்டது. பிள்ளை ஆசையாகக் கூப்பிட்டிருக்கிறான், லீவு போட்டிருக்கிறான், செலவு செய்திருக்கிறான். தன்னால் அது கெட்டுவிடக் கூடாது என்றுதான் பெற்றவர்கள் நினைக்கிறார்கள். அதனால் மறைக்கிறார்கள்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டியவர். வந்து பத்து நாள் ஆகியிருந்தது. சோர்வாக இருக்கிறார், பகலில் தூங்குகிறார், பயணக் களைப்பு இன்னும் போகவில்லை என்றார் மகன். மருந்துகளைக் காட்டச் சொன்னேன். மடியில் இருந்த பிளாஸ்டிக் பையை அம்மா மேஜையில் கவிழ்த்தார். கத்தரித்த மாத்திரை அட்டைகள். பாதியில் மருந்தின் பெயரே இல்லை. ஒரு சின்ன டப்பாவில் அட்டையிலிருந்து பிரித்துப் போட்ட வெள்ளை மாத்திரைகள். அவற்றுக்கு நடுவே ஓர் அட்டை மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தது. உடலில் நீர் சேராமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை அது.

"இதை ஏம்மா போடல?"

மகனை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அதைப் போட்டா அடிக்கடி பாத்ரூம் போகணும். பிளைட்ல எப்படி? இங்க வந்தும் தினம் வெளிய கூட்டிட்டுப் போறான். ஒவ்வொரு தடவையும் வண்டிய நிறுத்துன்னு சொல்ல முடியுமா?"

கணுக்காலை விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, உடனே நிரம்பவில்லை. இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று. ஊரில் ஒன்றுதான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாளாக வீட்டில் எல்லோரும் களைப்பு என்று நினைத்தது, இதயம் திணறத் தொடங்கியதன் அடையாளம்.

அதனால்தான் சொல்கிறேன்: உறவினர் வந்த முதல் நாள் மாலையே மருந்துப் பையைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். "மருந்தெல்லாம் சரியா சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "இன்னிக்குக் காலையில எதைப் போட்டீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், செருப்பு இறுக்கமாக இருக்கிறதா, படி ஏறும்போது நிற்க வேண்டியிருக்கிறதா என்று குறிப்பாகக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். வெளியே போகும் நாட்களில் அந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போடலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டு மாற்றிக்கொள்ள முடியும். நிறுத்தத் தேவையில்லை.

மருந்துகளின் பெயர்களை எழுதிவைக்கும்போது பிராண்டுப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஃப்ளோமாக்ஸ் என்று கேட்டால் அமெரிக்காவில் கிடைப்பது புரோஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின். இத்தாலியில் அதே பெயரில் இருப்பது வேறொரு மருந்து, வலி வீக்கத்துக்கானது. உள்ளே இருக்கும் மருந்தின் சொந்தப் பெயரான மூலப்பெயரே நாட்டுக்கு நாடு மாறுவதும் உண்டு: பாராசிட்டமாலும் அசிட்டமினோஃபெனும் ஒன்றுதான், சர்க்கரை மாத்திரையான கிளிபென்கிளமைடும் கிளைபுரைடும் ஒன்றுதான். இது தெரியாமல் காய்ச்சலுக்கு ஊர் மாத்திரை ஒன்றும், உங்கள் அலமாரியிலிருந்து சளி மருந்தும் சேர்த்துக் கொடுத்தால், ஒரே மருந்து இரண்டு மடங்காக உள்ளே போகும். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்த முதியவர்களுக்கு அதைவிடவும் குறைவுதான்.

அந்தச் சளி மருந்தைப் பற்றி இன்னும் ஒன்று. மூக்கடைப்புக்கான பல மருந்துகளில் இருக்கும் சூடோஎபெட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். சில சளி மருந்துகளிலும், சீட்டில்லாமல் கிடைக்கும் தூக்க மாத்திரைகளிலும் இருக்கும் டைஃபென்ஹைட்ரமின் முதியவர்களுக்குக் குழப்பத்தை உண்டாக்கும். புரோஸ்டேட் தொல்லை உள்ள அப்பாவுக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளலாம். நேர மாற்றத்தால் தூக்கம் வரவில்லை என்று இதைக் கொடுத்துவிடாதீர்கள். உடல் புது நேரத்துக்குப் பழக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்குச் சுமாராக ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். கிழக்கு நோக்கி வந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். பகல் வெளிச்சத்தில் நடக்கவிடுங்கள், முதல் மூன்று நாட்களுக்கு ஊர் சுற்றும் திட்டம் எதுவும் வேண்டாம்.

இன்சுலின் போடுகிறவர்கள் பயணத்துக்கு முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். கிழக்கே பறந்தால் நாள் சுருங்கும், மேற்கே பறந்தால் நீளும். அதற்கேற்ப அளவும் நேரமும் மாறலாம். இன்சுலினைக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். கீழே போகும் பெட்டியில் அது உறைந்துபோகலாம். உறைந்தது உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. உங்கள் வீட்டுச் சர்க்கரை மீட்டர் வேறு அலகில் காட்டுகிறதா என்றும் பாருங்கள். 10 என்று பார்த்ததும் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று அப்பா பயந்துபோகலாம். அந்த 10-ஐ 18-ஆல் பெருக்கினால் அவருக்குப் பழக்கமான 180.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. ஆரோக்கியமானவர்களுக்கு இது அரிது, சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு. ஆனால் வயதும் உடல் பருமனும் அண்மையில் செய்த அறுவைச் சிகிச்சையும் சேர்ந்தால் கணக்கு மாறும். அபாயம் இறங்கிய அன்றோடு தீர்வதில்லை, சில வாரங்கள் தொடரும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள்.

இரவில் படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு விளக்கை அணைத்துவிட்டு நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். விரிப்பு தடுக்குகிறதா, படி எங்கே தொடங்குகிறது என்று தெரியும். வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

நீங்கள் வேலைக்குப் போனபின் அவர்கள் தனியாக இருப்பார்கள். அவசர எண்ணை அழைத்தால் முதலில் முகவரி கேட்பார்கள், அது அவர்களுக்குத் தெரியாது. எண், முகவரி, நோய்கள், மருந்துகளின் மூலப்பெயர்கள், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்கள் அடங்குமா என்பதை டிக்கெட் போடும்போதே படித்துவிடுங்கள், மறைக்காமல் சொல்லியும் விடுங்கள்.

அந்த அம்மா சில நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்து தேறினார். ஊருக்குக் கிளம்பும் முன் மகனோடு வந்தார். இங்கே மாற்றிய மருந்து எது, ஏன் மாற்றினோம் என்று அவருடைய ஊர் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மகன் அதை வாங்கிப் பெட்டியில் வைக்கப் போனார். அம்மா தடுத்து, கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். திரும்பும் பயணத்துக்குக் கழிப்பறைக்குப் பக்கத்தில் ஓர இருக்கை பதிவு செய்திருப்பதாக மகன் சொன்னார்.