அபார்ட் செய்தால் ஆர்டர் ரத்தாகாது

மறுபடியும் ஒரு கோட் ரிவியூ, மறுபடியும் அதே 'ரத்து செய்' பட்டன். அழுத்தினால், பிரவுசர் அனுப்பிய ரிக்வெஸ்ட்டைக் கைவிட உதவும் அபார்ட்கன்ட்ரோலரின் அபார்ட் ஓடுகிறது, திரையில் "உங்கள் ஆர்டர் ரத்தானது" என்று வருகிறது. ஆர்டரோ டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கிறது.

எத்தனை தடவை சொல்வது? அபார்ட் என்றால் "பதிலுக்கு இனி நான் காத்திருக்கவில்லை" என்று மட்டுமே பொருள். தோசை சொல்லிவிட்டு எழுந்துபோனால், மாஸ்டர் கல்லில் ஊற்றிய மாவை வழித்தெடுப்பாரா? ரிக்வெஸ்ட் சர்வரைச் சேர்ந்துவிட்டால் இன்சர்ட் ஓடும், பணம் கழியும், மெயிலும் போகும். வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் லாகில், பதிலுக்கு முன்பே கிளையன்ட் போய்விட்டது என்று சொல்லும் 499 ஒரு வரியாக விழும், அவ்வளவுதான். கனெக்‌ஷன் அறுந்ததை நோட்.ஜேஎஸ் சர்வரில் 'குளோஸ்' ஈவன்ட் வழியாகப் பிடிக்கலாம். ஆனால் ஓடுகிற குவெரியை நிறுத்தும் கோடை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஆர்டர் போடுவது போன்ற போஸ்ட் ரிக்வெஸ்ட்டுக்கு அபார்ட் ஆனாலும் டைம்அவுட் ஆனாலும் முடிவு 'தெரியாது' என்றே வையுங்கள். சர்வரிடம் நிலையைக் கேளுங்கள். ரத்துக்குத் தனி எண்ட்பாயின்ட் வேண்டும். மறுமுயற்சியில் அதே ஐடெம்பொடன்சி கீயை, அதாவது இது பழைய ஆர்டர்தான் என்று காட்டும் அடையாளத்தை, அனுப்புங்கள். சர்வரும் அதைச் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு ஆர்டர்.

அபார்ட்டுக்குப் பொருத்தமான இடம் தேடல் பெட்டி. 'மது'வுக்கான பதில் தாமதமாக வந்து 'மதுரை'யின் முடிவுகளை அழித்துவிடும். தட்டச்சு நின்று 300 மில்லிசெகண்ட் கழித்தே தேடலை அனுப்பும் டிபவுன்ஸ் இதற்கு மருந்தல்ல. அது ரிக்வெஸ்ட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும், பதில்களின் வரிசையைக் காக்காது. புதிய தேடல் கிளம்புமுன் பழையதை அபார்ட் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் புதிய கன்ட்ரோலர். கன்ட்ரோலரிடமிருந்து ஃபெட்ச்சுக்குக் கொடுக்கும் சிக்னல், அபார்ட் ஆனபின் திரும்ப உயிர்பெறாது. அதையே கொடுத்தால் அடுத்த ஃபெட்ச் உடனே ரிஜெக்ட் ஆகும். ரியாக்டில் பழையதை அபார்ட் செய்ய இடம் யூஸ்எஃபெக்டின் கிளீனப் ஃபங்ஷன்.

கேட்ச்சில் எரரின் பெயரைப் பாருங்கள். அபார்ட்எரர் நீங்களே கேட்டு வாங்கியது, அதற்குச் சிவப்பு எழுத்து வேண்டாம். அபார்ட்சிக்னல்.டைம்அவுட் தருவது டைம்அவுட்எரர். அதைப் பயனரிடம் சொல்லுங்கள். கையால் அபார்ட், டைம்அவுட் இரண்டும் தேவையானால், இரு சிக்னல்களையும் அபார்ட்சிக்னல்.எனியில் இணையுங்கள். ஃபைனலியில் லோடிங்கை நிறுத்தும்போது கவனம்: பழைய ரிக்வெஸ்ட்டின் ஃபைனலி, புதியதன் ஸ்பின்னரை அணைத்துவிடும். டைம்அவுட்டுக்கு நீங்களே செட்டைம்அவுட் வைத்தால், ஹெடர் வந்ததுமே அதை கிளியர் செய்யாதீர்கள். ஜேசன் படித்து முடிக்கும்வரை ஓடட்டும். ரிக்வெஸ்ட் அனுப்பும் லைப்ரரியான ஆக்சியாஸில் பழைய ரத்து வழியான கேன்சல்டோக்கன் 0.22.0 முதலே கைவிடப்பட்டது, இன்னும் அதை ஒட்டுகிறவர்களை என்ன சொல்ல!

பிரவுசரின் நெட்வொர்க் டேபில் 'கேன்சல்டு' என்று பார்த்ததும் டிக்கெட்டை மூடிவிடாதீர்கள். ஆர்டர் டேபிளையும் ஒரு தடவை திறந்து பாருங்கள், தயவுசெய்து.