வாடகை ஏன் குறைந்தது என்று முதலில் கேளுங்கள்

அந்த அம்மாவின் கைப்பைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியின் முத்திரைகூட உடையவில்லை.

ஜூன் மாதம், பள்ளிகள் திறந்து பத்து நாள் ஆகியிருக்கும். பிற்பகல் இரண்டரை மணிக்கு, ராமேசுவரம் சாலையில் இருக்கும் என் கிளினிக்குக்குள் இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். வயது அறுபத்திரண்டு. நாக்கு உலர்ந்து அண்ணத்தில் ஒட்டியிருந்தது. பெயரைக் கேட்டால் ஊரைச் சொன்னார். உடம்பு அனலாகக் கொதித்தது. அதிகாலை ரயிலில் ராமேசுவரம் வந்திறங்கி, அக்னி தீர்த்தத்தில் குளித்து, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து, உச்சி வெயிலில் தனுஷ்கோடி போயிருக்கிறார்கள். இரவு ரயிலை ராமநாதபுரத்தில் பிடித்துவிட்டால் அறை வாடகை மிச்சம் என்பது மகனின் கணக்கு.

ஈரத்துணியால் உடம்பு முழுவதும் நனைத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி, ட்ரிப் ஏற்றிய கையோடு 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் தெளிந்து ஊர் திரும்பினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவருடைய மருமகள் என்னைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அத்தை காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை டாக்டர். போகிற வழியில் பாத்ரூம் இருக்காதோ என்று பயந்துவிட்டார்." நீங்கள் குடித்தீர்களா என்று கேட்டேன். அவரும் குடித்திருக்கவில்லை.

இந்தக் கரையோரத்தில் மருத்துவம் பார்க்கிற எனக்கு இது புதிதில்லை. கோடைக் கூட்டம் கலைந்து விடுதி வாடகை இறங்கியதும், கணக்குப் பார்த்துப் பயணம் செய்கிற குடும்பங்கள் வரத் தொடங்குவார்கள். நடுத்தரக் குடும்பம் கடல் பார்க்க அதுதான் நேரம்; அதில் எந்தத் தவறும் இல்லை. வாருங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அறை மலிவாகக் கிடைத்தவுடன் மகிழ்ந்துவிடாமல், ஏன் மலிவு என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

எங்கள் பக்கம் கூட்டம் குறைய இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று மனிதர்களின் நாட்காட்டி. மாசி கடைசியிலும் பங்குனித் தொடக்கத்திலும் பிள்ளைகளுக்குத் தேர்வு; யாரும் வெளியூர் கிளம்ப மாட்டார்கள். சிவராத்திரி கழிந்ததும் ராமேசுவரம் விடுதிகளில் அறைகள் காலியாகிவிடும். அப்போது வடக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று அடங்கியிருக்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கியிருக்காது, வெயிலும் முற்றியிருக்காது. தனுஷ்கோடி நீர்ப்பரப்பில் பூநாரைகள்கூட நின்றுகொண்டிருக்கும். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இல்லாத வீட்டார், ஓய்வு பெற்றவர்கள், புதிதாக மணமானவர்கள் எல்லாரும் இந்த மூன்று வாரத்தைப் பிடியுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் அசல் லாபம்.

மற்றொரு காரணம் இயற்கையின் நாட்காட்டி. ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலும் காற்றும், ஐப்பசி, கார்த்திகையில் மழை. இந்த மாதங்களில் வாடகை குறைவது உங்களுக்காக இல்லை. வெயிலுக்கும் காற்றுக்கும் பயந்து மற்றவர்கள் வராததால்தான். இதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் பத்திரமாகத் திரும்புகிறார்கள். தெரியாமல் வருகிறவர்களில் சிலர் என் மேசைக்கு வருகிறார்கள்.

வெயிலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் மேற்கு ஓரத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது எங்களுக்கு ஒரு தூறல்கூட விழாது. மலையைத் தாண்டி வருகிற காற்று ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டு வெறுங்கையோடு வருகிறது. அந்தக் காற்றில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வியர்வை அரும்பிய மறுகணமே உலர்ந்துவிடுவதால், வியர்க்கிறது என்பதே தெரியாது. "காற்றடிக்கிறதே, வெயில் உறைக்கவில்லையே" என்று தனுஷ்கோடியில் ஒரு மணி நேரம் நிற்பார்கள். கடைகளின் கீற்றுப் பந்தலை விட்டால் அங்கே நிழல் இல்லை. வெண்மணலும் இருபுறக் கடலும் வெளிச்சத்தை முகத்தில் திருப்பி அடிக்கும். உப்பும் நீரும் உடம்பிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். தாகம் எடுக்கும்போது ஏற்கெனவே தாமதமாகியிருக்கும். வயதானவர்களுக்குத் தாகமும் சரியாக எடுக்காது. சிறுநீரைப் பிரியவைக்கும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இழப்பு இரட்டிப்பு. அந்த அம்மாவும் அன்று காலை அந்த மாத்திரையைப் போட்டிருந்தார்.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்ற பிறகு, வண்டிகள் மண்டபம், ராமநாதபுரத்தோடு திரும்பின. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்ததும் அதிகாலையில் தீவுக்குள்ளேயே இறங்குகிற வசதி திரும்பக் கிடைத்தது. நல்ல வசதிதான். அத்துடன் அறை எடுக்காமல் ஒரே நாளில் முடித்துத் திரும்புகிற வழக்கமும் வந்துவிட்டது. நான் கேட்பது ஒன்றே ஒன்று: இரவுக்கு அறை வேண்டாம் என்றால், பகலுக்கு எடுங்கள். பதினொன்றிலிருந்து நான்கு வரை, மின்விசிறியும் கழிப்பறையும் உள்ள சாதாரண அறை போதும். சீசன் இல்லாத நாளில் அரை நாள் வாடகைக்கு ஒத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மடங்களும் சத்திரங்களும் உண்டு. தனுஷ்கோடியை விடியலில் பாருங்கள், அல்லது நான்கு மணிக்கு மேல் போய், காவலர்கள் திருப்பி அனுப்புவதற்குள் வந்துவிடுங்கள். பேக்கரும்பில் இருக்கும் அப்துல் கலாம் நினைவிடமும் கோயிலின் நீண்ட பிராகாரமும் வெயில் ஏறிய பிறகும் பார்க்கக்கூடியவை. கோயில் நடை பிற்பகலில் சாத்தப்படும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தண்ணீர்ச் செலவையும் குறைக்க வழி இருக்கிறது, குடிப்பதைக் குறைக்காமல். பத்துப் பேர் வேனில் வந்தால் 20 லிட்டர் கேன் ஒன்றை வாங்கி உள்ளே வையுங்கள். உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலை தட்டிப் போடுங்கள். பெண்களுக்கு ஒரு வார்த்தை: கழிப்பறை எங்கெங்கே என்பதைக் கிளம்பும்போதே ஓட்டுநரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்க வேண்டிய பொறுப்பு வீட்டு ஆண்களுக்கும் இருக்கிறது. கேட்கத் தயங்கியதால் சிறுநீர்த் தொற்றோடு என்னிடம் வந்த பெண்கள் எத்தனையோ பேர்.

ஒருவர் பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தடுமாறினால், அது வெறும் களைப்பில்லை. நிழலில் படுக்கவைத்து, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் நனைத்து விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைத் தணிக்காது. உடனே 108.

நீரிழிவுக்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தீர்த்தமாடி முடித்துத்தான் சாப்பிடுவேன் என்று விரதம் இருப்பார்கள், ஆனால் மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுவிடுவார்கள். பத்தாவது கிணற்றுக்கு வரும்போது கை நடுங்கும், கண் இருளும். ஈர வேட்டியில் பை இல்லை, மிட்டாய் இல்லை. ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று உங்கள் மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நிறுத்தி வைத்த வண்டிக்குள் இன்சுலினை விட்டுச் செல்லாதீர்கள். அந்தச் சூட்டில் மருந்து கெட்டுவிடும், ஊசி போட்டும் சர்க்கரை இறங்காது.

இனி கடல். எங்களுக்குக் கடல் இரண்டு: வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியானதைப் பெண் கடல் என்றும், அலையடிப்பதை ஆண் கடல் என்றும் தனுஷ்கோடியில் சொல்வார்கள். ஆனால் இந்தக் குணம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். வாடை வீசும் மாதங்களில் வடகடல் சீறும். ஆகவே ஜூலையில் வருகிறவர்கள் சேதுக்கரையிலும் வாலிநோக்கத்திலும் இறங்கிக் குளிப்பதைவிட, அரியமானைப் போன்ற வடகடல் கரைக்குப் போவதே மேல்.

குளம்போல் கிடக்கிறதே என்று அங்கேயும் அசந்துவிட முடியாது. ஒருமுறை ஒரு சிறுவனைக் கொண்டுவந்தார்கள், ஒன்பது வயது. சவுக்குத் தோப்பு நிழலில் பெரியவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்க, இவன் காற்றடைத்த மிதவையில் ஏறிப் படுத்திருக்கிறான். முழங்கால் அளவுத் தண்ணீர், அலையே இல்லை. அலை இல்லாததற்குக் காரணம் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதுதான். அதே காற்று மிதவையைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அம்மா நிமிர்ந்து பார்த்தபோது ஆழமான இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளியாகத் தெரிந்திருக்கிறான். நண்டு வலை எடுக்கப் போன நாட்டுப்படகுக்காரர் ஒருவர் மீட்டுக்கொண்டுவந்தார். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, நடுக்கம் மட்டும்தான். மிதவையை விட்டு நீந்திவிடலாம் என்று அவன் நினைக்காமல் இறுகப் பிடித்துக்கொண்டதே அவனைக் காப்பாற்றியது. கச்சான் காலத்தில் வடகடல் கரைக்கு மிதவையும் காற்றுப் பந்தும் கொண்டுவராதீர்கள். பந்து கடலுக்குள் போனால் போகட்டும், பின்னாலேயே யாரும் இறங்கக் கூடாது.

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் குளிக்கத் தடை இருக்கிறது. இரு கடலின் நீரோட்டமும் அங்கே ஒன்றையொன்று இழுக்கிறது. காலை நனைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: காலடி மணலையே அது அரித்துக்கொண்டு போகும்.

கடலில் சுரீரென்று எரிந்தால் அது சொறியாக, அதாவது ஜெல்லி மீனாக, இருக்கலாம். மணலை அள்ளித் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். இரண்டும் மிச்சமிருக்கிற நஞ்சுப் பைகளை வெடிக்கச் செய்யும். கடல் நீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைத் துணி சுற்றிய விரலால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வையுங்கள். மூச்சுத் திணறினால் காத்திருக்க வேண்டாம். திருக்கை மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். குத்திவிட்டால் அதற்கும் வெந்நீர்தான் முதல் மருந்து. பிறகு அவசியம் மருத்துவரிடம் வாருங்கள். முள் உள்ளே முறிந்திருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் வேண்டும்.

மீன் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் நாட்டுப்படகு மீன் மட்டும் கொஞ்சமாக வரும், விலையும் ஏறும். அப்போது யாராவது சூரையோ கானாங்கெளுத்தியோ மிக மலிவாகக் கொடுத்தால் யோசியுங்கள். ஐஸ் போடாமல் சூட்டில் கிடந்த இவ்வகை மீனில் உருவாகும் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமைப் பொருள், வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடிக்கும். வாயில் வைத்ததும் மிளகுபோல் உறைத்தால் துப்பிவிடுங்கள். அந்த மாதங்களில் நுங்கும் பதநீரும் இருக்கின்றன. வயிற்றுக்கும் காசுக்கும் இதம்.

குறைந்த காசுக்குத் தீவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று அழைத்தால் ஏறாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா; வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்குவது குற்றம். படகில் போக ஆசை என்றால் தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையே அழைத்துப் போகிறது. எங்கே ஏறினாலும் உயிர்காப்பு அங்கியை மடியில் வைத்துக்கொள்ளாமல் மாட்டி, கொக்கியையும் போடுங்கள்.

மழை மாதங்களில் வருகிறவர்கள் பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 நவம்பர் 20 அன்று ஒரே நாளில் ராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் மலிவான தரைத்தள அறையில் குழந்தைகளோடு இருப்பதை நினைத்துப் பாருங்கள். முன்பணம் போனாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கடைசியாக, நீரில் மூழ்கியவரைக் கரைக்குக் கொண்டுவந்ததும் நம்மவர்கள் செய்கிற ஒரு காரியத்தை நிறுத்த வேண்டும். தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுகிறார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்க்கிறார்கள். அவருக்கு வேண்டியது மூச்சு. மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவே அழுத்துங்கள். உதவி வரும் வரை நிறுத்தாதீர்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னும் யாராவது கடலுக்குள் இருந்தால் கடலோரக் காவல் குழுமத்தின் 1093. மூச்சு திரும்பி, எழுந்து உட்கார்ந்து, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்கிறவரையும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நுரையீரலுக்குள் போன உப்புநீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும். அன்றைய அறை வாடகை போகட்டும், அவரை அறையில் படுக்கவைக்காதீர்கள்.