கிளைம்: கேட்பதா, கெஞ்சுவதா?

சிங்கப்பூரில் இந்தச் சொல் புழங்காத அலுவலகம் இல்லை. டாக்ஸிக்குக் கொடுத்த காசைக் கிளைம் பண்ணுவோம், மருத்துவமனைச் செலவைக் காப்புறுதியில் கிளைம் பண்ணுவோம். எனக்கு இது இன்னொரு பொருளில் வந்து சேர்ந்தது. சுயதொழிலாக மொழிபெயர்த்துக் கொடுத்த வேலைக்கு 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பாக்கி. மூன்று மாதமாக "அடுத்த வாரம்" என்ற ஒரே பதில். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தேநீர் ஆற்றிக்கொண்டே நண்பர் சொன்னார்: "பேசிப் பிரயோஜனம் இல்லண்ணே, கிளைம் போட்டுடுங்க."

லத்தீனில் 'கிளாமாரே' என்றால் உரக்கக் கூவுதல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'கிளைம்' ஆனது. (சினிமா கிளாமருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) நம் 'முறையிடு' என்பதிலும் அந்தக் கூவல் கேட்கிறது. முறை என்றால் நீதி, அரசன் வாசலில் நின்று "முறையோ!" என்று கதறுவது முறையீடு. தமிழ்நாட்டு நீதிமன்றத் தாள்களில் இருக்கும் 'தாவா' (வழக்கு) அரபியிலிருந்து வந்தது.

சரி, தமிழில் எதைச் சொல்வது? பலர் 'கோரிக்கை' என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம். சம்பள உயர்வு கேட்பது கோரிக்கை. செய்து முடித்த வேலைக்குக் காசு கேட்பது 'உரிமைக்கோரல்'. சொல் கொஞ்சம் நீளம்தான், ஆனால் முதுகு வளையாது.

நண்பர் கிளைம் போடச் சொன்ன இடம் சிறு உரிமைக்கோரல் மன்றம் (Small Claims Tribunals). 1985 முதல் இயங்குகிறது. பொருள் விற்பனை, சேவை ஒப்பந்தம் போன்றவற்றில் 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். நமக்காகப் பேச வழக்கறிஞரை அழைத்துப் போக முடியாது, எதிர்த்தரப்புக்கும் அதே கதைதான். மாதச் சம்பளம் வாங்குபவரின் சம்பளத் தகராறு இங்கே வராது, அதற்கு வேறு மன்றம்.

இணையத்தில் மனுப் போடுவதற்கு முன் வேலை கொடுத்தவருக்கு வாட்ஸ்அப்பில் கடைசியாக ஒரு செய்தி எழுதினேன். "தயவுசெய்து என் கோரிக்கையை" என்று விரல் தானாகத் தொடங்கியது. அழித்துவிட்டு, "எனக்குச் சேர வேண்டிய 1,800 வெள்ளி" என்று எழுதினேன். பதில் வரவில்லை. மனுப் போட்டேன். முதல் கலந்தாய்விலேயே, இரண்டு தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டார்.