மூவர் தற்காப்புக்கு மாறும் அணியும் முப்பதைத் தாண்டிய டிஃபெண்டரும்

கால்பந்து அணி, பின்வரிசையில் நான்கு பேர் நிற்கும் நால்வர் தற்காப்பை விட்டு மூன்று பேர் நிற்கும் மூவர் தற்காப்புக்குப் போகிறது என்ற பேச்சு எழுந்தாலே, சீனியர் டிஃபெண்டர்கள் பிசியோ அறைப் பக்கம் அடிக்கடி வரத் தொடங்குவார்கள். முழங்காலைக் காட்டுவார்கள், முதுகைக் காட்டுவார்கள். கேட்க வந்தது வேறு: "எனக்கு இடம் இருக்குமா சார்?" அதை முடிவு செய்வது பயிற்சியாளர். பிசியோவான நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த மூவரில் உங்களுக்கு நடுவா, ஓரமா?

இந்த வித்தியாசத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பெரிய போட்டிகளின் மைதானம் 68 மீட்டர் அகலம். நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 17 மீட்டர். விங் பேக்குகள் (மூவருக்கு வெளியே இரு ஓரங்களிலும் மேலும் கீழும் ஓடுபவர்கள்) முன்னேறியிருக்கும் நேரத்தில் மூன்று பேர் பங்கிட்டால் ஏறக்குறைய 23 மீட்டர். இந்தக் கூடுதல் சுமை மூவருக்கும் சமமாக விழுவதில்லை. ஓரத்து இருவரும் விங் பேக்கின் முதுகுக்குப் பின்னால் திறக்கும் வெளிக்குத் திரும்பி ஓட வேண்டும். அதுவும் எதிரணியின் இளம் விங்கரோடு (ஓரத்துத் தாக்குதல் வீரர்) போட்டி போட்டு. நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் துணை உண்டு. அவருக்கு வேண்டியது ஆட்டத்தைப் படிக்கும் கண், தலை, அதட்டிக் கூப்பிடும் குரல். இதெல்லாம் வயதோடு கூடுகிற சொத்து.

இங்கிலாந்தின் 2017 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆர்சனலின் பெர் மெர்டசாக்கருக்கு வயது 32. காயத்தால் அந்த சீசன் முழுக்க ஏறக்குறைய ஆடவே இல்லை. வேகத்துக்குப் பெயர் போனவரும் அல்ல. செல்சிக்கு எதிராக அவரை மூவர் வரிசையின் நடுவில் நிறுத்தினார்கள். வலப்புறம் 21 வயது ராப் ஹோல்டிங், இடப்புறம் ஃபுல் பேக்காக (நால்வர் வரிசையின் ஓரத்து டிஃபெண்டர்) பழகிய நாச்சோ மொன்றியல். ஆர்சனல் 2-1 என வென்றது. பாராட்டு பெரும்பாலும் மெர்டசாக்கருக்கே.

அதே சீசனில் செல்சியில் நடந்தது நேரெதிர். 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 எனத் தோற்றபின் செல்சி பயிற்சியாளர் ஆன்டோனியோ கோன்டே மூவர் வரிசைக்கு மாறினார். தொடர்ந்து 13 லீக் ஆட்டங்களில் வெற்றி. ஆனால் வலது ஃபுல் பேக் பிரானிஸ்லாவ் இவானோவிச்சின் இடமே அந்த அமைப்பில் இல்லாமல் போனது. விங் பேக்காக ஓட விங்கர் விக்டர் மோசஸ் வந்தார். மூவரில் ஓரத்து டிஃபெண்டராக ஆஸ்பிலிகுவேட்டா. 2017 பிப்ரவரி தொடக்கத்தில் இவானோவிச் கிளப்பை விட்டுப் போனார். "வயசாகிவிட்டது" என்று சொல்லிவிடுவது சுலபம். அமைப்பு அவரிடம் கேட்ட ஓட்டமே மாறிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி என் துறை. ஓரத்துக்கு நகரும் மூத்த வீரரிடம் நான் பயப்படுவது தொடையின் பின்தசையை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங்கை. வயது, பழைய ஹாம்ஸ்ட்ரிங் காயம் இரண்டுமே அது மீண்டும் கிழியும் வாய்ப்பைக் கூட்டுபவை. இவற்றோடு முழுவேக ஓட்டமும் திடீரென ஏறினால் ஆபத்து இன்னும் அதிகம். இதில் அணிகள் மரியாதை என்ற பெயரில் ஒரு தவறு செய்கின்றன: "அண்ணன் ஓடவேண்டாம், பார்த்துக்கொள்ளட்டும்" என்று பயிற்சியில் ஸ்பிரின்டிலிருந்து விலக்கு. விளைவு, அந்த வாரத்தின் முதல் முழுவேக ஓட்டத்தையே அவர் ஆட்டத்தில்தான் ஓடுகிறார். வயதானவருக்குப் பயிற்சியின் மொத்த அளவைக் குறைக்கலாம், வேகத்தை முற்றிலும் எடுத்துவிடக் கூடாது. ஓட்டத்தை அளக்கும் ஜி.பி.எஸ். உள்ளாடை இருந்தால் மொத்த தூரத்தை விட அதிவேக தூரத்தைப் பாருங்கள். அமைப்பு மாறும் முன்பே வாரவாரம் சிறிதாக ஏற்றுங்கள். முழங்காலிட்டு மெல்ல முன்னால் சாயும் நார்டிக் பயிற்சி ஹாம்ஸ்ட்ரிங் காயங்களைக் குறைக்கிறது. அது சலிப்பானது, வலிக்கும், எல்லாரும் தட்டிக்கழிப்பார்கள்.

நடு இடம் கிடைத்தாலும் கோட்டின் உயரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தற்காப்புக் கோடு நடுக்கோட்டை ஒட்டி ஏறினால், பின்னால் 40 மீட்டருக்கு மேல் வெற்றிடம். மூவர் வரிசை தரும் பாதுகாப்பில் பாதி அங்கேயே போய்விடும். எதிரணி நீளப் பந்து போடும்போது கோல் கீப்பர் வெளியே வருவாரா, ஓரத்து இளையவர் குறுக்கே வருவாரா என்பதை முதல் பயிற்சி நாளிலேயே மூவரும் பேசி முடித்திருக்க வேண்டும். அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டியவர் சீனியர்தான்.