காயில் கட்டிய மோட்டாருக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

"மோட்டார் எரிஞ்சிடுச்சு, காயில் கட்டக் கொடுத்திருக்கோம், நாளைக்கு வந்துடும்." திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிற என்னைப் போன்றவர்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. காயில் கட்டுவது என்றால் மோட்டாருக்குள் எரிந்துபோன கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவது. சொல்கிறவர் குரலில் பெரிய கவலை எதுவும் இருக்காது. 15 கிலோவாட் மோட்டாருக்குக் காயில் கட்ட 12,000 ரூபாய், புதிதாக வாங்கி மாட்ட 70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும்). இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று முதலாளிகள் கேட்கிறார்கள். யோசிக்க நிறைய இருக்கிறது, ஏனென்றால் அந்த 12,000 ரூபாய்க்கு மட்டும்தான் வவுச்சர் இருக்கிறது. மோட்டார் நின்றதால் போன பணத்துக்கு எந்த நோட்டிலும் வரி இல்லை.

துணிக்குச் சாயம் ஏற்றுகிற சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் சாயத் தண்ணீரைச் சுற்றவிடும் மெயின் பம்ப் மோட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 400 கிலோ துணி, ரியாக்டிவ் சாயம், உப்பு எல்லாம் போட்டாயிற்று, சோடா ஆஷும் இறங்கிவிட்டது, 60 டிகிரியில் சாயம் நூலோடு பிடித்துக்கொண்டிருக்கிற நேரம். அப்போது பம்ப் நின்றால் துணி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் கிடக்கும். சாயத் தண்ணீர் ஓடாது. மேலே இருக்கிற மடிப்பு ஒரு ஷேடு, அடியில் கிடப்பது வேறு ஷேடு. நல்ல நேரம் இருந்தால் சரிசெய்யலாம், இல்லாவிட்டால் அந்த லாட் அடர் நீலத்துக்கோ கருப்புக்கோதான் போக வேண்டும். கழிவுநீர்ப் பிரச்சினையில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் இங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது யாருக்கும் மறந்திருக்காது. இன்றைக்கு ஒரு லாட்டைத் திரும்பப் போட்டால் அந்தக் கழிவுநீர் மறுபடியும் ஆர்.ஓ. (சவ்வு வடிகட்டி), எவாப்பரேட்டர் (ஆவியாக்கும் மெஷின்) என்று எல்லாச் சுத்திகரிப்பும் தாண்டித்தான் வர வேண்டும். சாயத்துக்கு, ஆவிக்கு, தண்ணீருக்கு, சுத்திகரிப்புக்கு என்று எல்லாச் செலவும் இரண்டாவது முறை.

சரி, கணக்குக்கு வருவோம். திரும்பப் போடும் செலவு கிலோவுக்கு 50 ரூபாய் என்றால் லாட்டுக்கு 20,000. மெஷின் சும்மா நின்ற நேரத்துக்கு ஒரு 10,000. காயிலுக்கு 12,000. ஆக, ஒரு தடவை நின்றால் 42,000 ரூபாய். பழைய மோட்டார் வருடத்துக்கு இரண்டு தடவை நிற்கிறது, ஒழுங்காக மாட்டிய புது மோட்டார் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை நிற்கும் என்று வைத்தால், வருடக் கணக்கில் பழையதற்கு 84,000, புதியதற்கு 8,400. வித்தியாசம் 75,600 ரூபாய்.

இதோடு கரண்ட். மோட்டார்களைத் திறனை வைத்து ஐஈ1, ஐஈ2, ஐஈ3 என்று வகை பிரிக்கிறார்கள், எண் ஏற ஏற கரண்ட் வீணாவது குறையும். 15 கிலோவாட், நான்கு போல் (நிமிடத்துக்குச் சுமார் 1,450 சுற்று ஓடும்) மோட்டாருக்கு ஐஈ1 வகையில் திறன் 88.7 சதவீதம், ஐஈ3 வகையில் 92.1 சதவீதம். முக்கால் லோடில் 6,000 மணி நேரம் ஓடினால் வருடத்துக்குச் சுமார் 2,800 யூனிட் மிச்சம், யூனிட் 8 ரூபாய் என்றால் 22,400 ரூபாய். கரண்ட் மிச்சத்தை மட்டும் காட்டினால் போட்ட 70,000 திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆகும், முதலாளி "அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் சொல்வார், அதில் தப்பும் இல்லை. நின்றுபோகிற செலவையும் சேர்த்தால் வருடத்துக்கு 98,000. ஒன்பது மாதத்துக்குள் பணம் திரும்பிவிடுகிறது. மோட்டார் விற்க வருகிறவர்கள் கரண்ட் மிச்சத்தை மட்டுமே சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அதற்காக எல்லா மோட்டாரையும் மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. இதே 15 கிலோவாட் மோட்டார் கழிவுநீர் டேங்க் பக்கத்தில், கூடவே ஒரு ஸ்டாண்ட்பை பம்ப்போடு, வருடத்துக்கு 1,500 மணி நேரம் மட்டும் ஓடுகிறது என்றால், அது நின்றாலும் ஒரு வால்வைத் திருப்பினால் வேலை நடக்கும். கரண்ட் மிச்சமும் 5,600 ரூபாய்தான். அங்கே காயில் கட்டிப் போடுவதே புத்திசாலித்தனம். மோட்டாருக்கு எத்தனை வயது என்பதை விட, அது நின்றால் கூடவே என்னென்ன நிற்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இன்னொன்று, இதைத்தான் ரொம்பப் பேர் விட்டுவிடுகிறார்கள். மோட்டார் ஏன் எரிந்தது என்று பார்க்காமல் புதிதை மாட்டினால் அதுவும் எரியும். கழற்றிய மோட்டாரைக் காயில் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் உள்ளே பாருங்கள். மூன்று காயில் தொகுதியும் முக்கோணமாக இணைந்த டெல்டா கனெக்‌ஷன் மோட்டாரில் மூன்றில் ஒரு பங்கு காயில் மட்டும் கருகி, மற்றதெல்லாம் வார்னிஷ் நிறம் மாறாமல் பளிச்சென்று இருந்தால் ஓடும்போது மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போயிருக்கிறது. ஃபியூஸையும் கான்டாக்டரையும் பாருங்கள், ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்த வேண்டிய சிங்கிள் பேஸ் பிரிவென்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கருப்பாக இருந்தால் ஓவர்லோடு, அல்லது பம்ப் இறுகியிருக்கிறது. பேரிங்கின் உள்வளையம் நீலம் பாய்ந்திருந்தால் சூடு ஏறியிருக்கிறது, கிரீஸையும் அலைன்மென்ட்டையும் (மோட்டார் ஷாஃப்ட்டும் பம்ப் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று) பார்க்க வேண்டும். பால் பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும், அலைன்மென்ட் தப்பினால் அப்படிக் கூடுதல் சுமை பேரிங் மேல் ஏறும். இன்சுலேஷனும் அப்படித்தான், தாங்கும் வெப்பத்தைத் தாண்டிப் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதி.

காயில் கட்டுவதையே குறை சொல்லவில்லை. நல்ல கடையில் சூட்டை அளந்து பழைய காயிலை எடுத்து, அதே கேஜ் (தடிமன்) கம்பியில் அதே சுற்று போட்டுக் கட்டினால் திறன் பெரிதாகக் குறையாது. வெல்டிங் பர்னரை வைத்துக் கொளுத்திப் பழைய காயிலை உருவுகிற இடத்தில்தான் பிரச்சினை. காயில் உட்கார்ந்திருக்கிற இரும்புத் தகடுகளுக்கு நடுவே இருக்கிற இன்சுலேஷன் வெந்துவிடும், அப்புறம் அந்த மோட்டார் சும்மா ஓடினாலே சூடாகும். மூன்றாவது, நான்காவது தடவை அப்படிக் கட்டிய மோட்டாரை மெயின் பம்ப்பில் மாட்டாதீர்கள்.

புதிய ஐஈ3 மோட்டார் வாங்கும்போது கவனிக்க வேண்டியதும் உண்டு. வேகம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நிமிடத்துக்கு 1,440 சுற்றில் ஓடிய பம்ப் 1,465 சுற்றில் ஓடினால் இழுக்கும் பவர் சுமார் 5 சதவீதம் ஏறும், ஏனென்றால் பம்ப்பில் பவர் வேகத்தின் மும்மடி கணக்கில் போகிறது. அப்படியே விட்டால் மிச்சமாக வேண்டிய கரண்ட் அதிலேயே போய்விடும். மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் இருந்தால் பிரீக்வென்சியைச் சற்றுக் குறைத்து வையுங்கள். ஸ்டார்ட்டிங் கரண்டும் அதிகம் இழுக்கும் என்பதால் பழைய பிரேக்கர் டிரிப் ஆகலாம், அதைப் பார்த்துவிட்டு மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம்.

எப்போது மாற்றுவது? எரிந்த அன்றுதான் கணக்கு மிகச் சாதகம், எப்படியும் போகிற 12,000-ஐக் கழித்தால் கூடுதலாகப் போடுவது 58,000 மட்டுமே. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எரிந்தால் கடை திறந்திருக்காது, அவசரத்தில் கிடைத்ததை மாட்டுவோம். அந்த நேரத்தில் ஈரத் தரையில், போதாத வெளிச்சத்தில், நூறு கிலோவுக்கு மேல் கனமான மோட்டாரை இரண்டு பையன்கள் தூக்குவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. இந்த மோட்டார் பெரும்பாலும் 160எல் ஃபிரேமில் (மோட்டார் உடல் அளவில்) வரும். ஒரே ஃபிரேமில் எட்டு, பத்து மெஷின் இருக்கிற பட்டறையில் ஒரே ஒரு புது மோட்டாரை ஸ்டோரில் வைத்தாலே போதும். அது ஸ்டோரில் இருந்தால் ராத்திரி அவசரம் குறையும், கழற்றியதைக் காலையில் வெளிச்சத்தில் நிதானமாகத் திறந்து பார்த்து, கட்டலாமா ஸ்கிராப்புக்குப் போடலாமா என்று முடிவு செய்யலாம். ஸ்டோரில் இருக்கிற மோட்டாரின் ஷாஃப்ட்டை மாதம் ஒரு முறை கையால் சுற்றிவிடச் சொல்லுங்கள், ஒரே இடத்தில் உட்கார்ந்தே பேரிங் தடம் விழுந்துவிடும்.