பிள்ளைக்குக் கிட்னியில் கல்லா? வாழைத்தண்டை அப்புறம் பார்க்கலாம்

இந்த மாதமும் ஒரு பிள்ளை. இரண்டு சிறுநீரகத்திலும் கல், இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறிவிட்டது, அதாவது சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது. அதுவரை நடந்த வைத்தியம் வாழைத்தண்டுச் சாறு.

"தக்காளி விதைதான் டாக்டர் கல்லாகிடுச்சு" என்று எல்லாரும் ஒரே பாட்டு. தின்ற விதை குடலோடு போய்விடும். அது சிறுநீரகத்துக்குப் போக வழியே கிடையாது. கல்லாகப் படியும் ஆக்சலேட் என்ற உப்பும் தக்காளியில் குறைவுதான். பெரியவர்களுக்குத் தண்ணீர் குறைந்தால் கல் வரும், சரி. நாலு வயதுப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப வந்தால், அம்மாவின் சமையலைத் திட்டுவதை விட்டுவிட்டுக் கல்லீரலைச் சந்தேகியுங்கள்.

ப்ரைமரி ஹைபராக்சலூரியா என்றொரு பரம்பரை நோய் உண்டு. அதன் முதல் வகையில் கல்லீரலே ஆக்சலேட்டை அளவில்லாமல் உண்டாக்குகிறது. ஏஜிடி என்ற நொதி, கல்லீரல் செல்லில் பெராக்சிசோம் என்ற சிறு அறைக்குள் இருந்து, ஆக்சலேட்டாக மாறக்கூடிய கிளையாக்சிலேட்டைக் கிளைசின் என்ற தீங்கில்லாத பொருளாக மாற்ற வேண்டும். சிலருக்கு அந்த நொதி வேலை செய்யும், ஆனால் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற வேறு அறைக்குள் போய் மாட்டிக்கொள்ளும், அங்கே இருந்து பயனில்லை. ஆய்வாளர் டான்புரேயின் குழு இதை 1989இல் காட்டியது. நொதியும் ஒரு புரதம்தான். புரதச் சங்கிலி மடங்கித்தான் தன் வடிவத்துக்கு வரும். இன்னும் மடங்காத புரதத்தை மட்டுமே மைட்டோகாண்ட்ரியா உள்ளே இழுக்கும். பெராக்சிசோம் மடங்கியதையும் வாங்கிக்கொள்ளும். ஏஜிடி என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் 11ஆம் இடத்தில் புரோலீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லியூசின் வந்தால் மைட்டோகாண்ட்ரியாவுக்கான அடையாளம் ஒன்று உருவாகிறது. நலமாக இருக்கும் பலரிடமும் இது உண்டு. கூடவே 170ஆம் இடத்தில் கிளைசின் ஆர்ஜினினாக மாறினால் சங்கிலி மடங்குவது தாமதமாகிறது, நொதி தவறான இடத்துக்குப் போய்விடுகிறது. (ஐரோப்பிய வழியினரிடம் இது அதிகம்.) இந்த வகையினர் பலருக்கு வைட்டமின் பி6 கைகொடுக்கும். அதற்காக மெடிக்கல் ஷாப்பில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் வராதீர்கள். அளவும் வேறு, முதலில் மரபணுவும் தெரிய வேண்டும்.

விழுந்த கல்லைத் தூக்கி எறியாதீர்கள், பரிசோதனைக்குக் கொடுங்கள். சிறுநீரில் ஆக்சலேட் அளவு பாருங்கள். அது அதிகம் என்றால், ஏஜிடி நொதியை உண்டாக்கும் ஏஜிஎக்ஸ்டி மரபணுவைச் சோதிக்க வேண்டும். வைட்டமின் சி மாத்திரை வேண்டாம், அதுவும் ஆக்சலேட்டாக மாறும். சிறுநீரகம் கெட்ட பிள்ளைக்கு வாழைத்தண்டிலுள்ள பொட்டாசியமே ஆபத்து.

காரணம் தெரியாமல் கிட்னி மட்டும் மாற்றினால் புதியதிலும் ஆக்சலேட் படியும். அதனால்தான் பலருக்குக் கல்லீரலும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. 2020இல், கல்லீரல் ஆக்சலேட் உண்டாக்குவதைக் குறைக்கும் லுமாசிரான் என்ற ஊசிக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் வந்தது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் செய்த வீடுகளில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு பிள்ளைக்கு உறுதியானால், ஓடி விளையாடும் மற்றப் பிள்ளைகளையும் தயவுசெய்து கூட்டி வாருங்கள்.