எண்ணெய்க்குள் நகரும் இரும்பு

தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் மசாலா மில் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: லோட் ஷெட்டிங் (முறைவைத்து கரண்டை நிறுத்துவது) முடிந்து கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டால் பிரேக்கர், அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச், விழுந்துவிடுகிறது. பெரிய பிரேக்கராகப் போடச் சொல்கிறார் தெரிந்த எலக்ட்ரீஷியன். மாமியார், கண்ணேறு என்கிறார். என்ன செய்வது?

பெரியது வேண்டாம். அவருடையது 4 கிலோவாட், மூன்று பேஸ் மோட்டார். 400 வோல்ட்டில் ஓடும்போது சுமார் 8 ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்பும் நேரத்தில் மட்டும் ஆறேழு மடங்கு இழுக்கும். எத்தனை மடங்கில் சட்டென்று விழும் என்பதை வைத்து பிரேக்கர்களை பி, சி, டி என்று பிரிப்பார்கள். 10 ஆம்பியர் பிரேக்கரில் பி வகை 30 முதல் 50 ஆம்பியருக்குள் சட்டென்று விழும். சி வகை 50 முதல் 100, டி வகை 100 முதல் 200. ஆம்பியரை ஏற்றினால் வயரின் பாதுகாப்பு போய்விடும், வகையை மாற்றுவதே முறை. டி வகை போடுமுன், ஷார்ட் ஆனால் அதை விழவைக்கும் அளவு கரண்ட் அந்த லைனில் பாயுமா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: அரைக்கும்போதே கரண்ட் போனால் மில்லுக்குள் மிளகாய் சிக்கி நிற்கும். அந்தச் சுமையோடு கிளம்பும் மோட்டார் வேகம் பிடிக்க நேரமாகும். முதலில் மில்லைக் காலி செய்யுங்கள். கண்ணேறு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

சரி, பிரேக்கருக்குள் போவோம். பல நாடுகளில் ஓவர்லோடை (அளவுக்கு மீறிய சுமையை) கவனிப்பது சூடானால் வளையும் இரட்டை உலோகப் பட்டை. தென்னாப்பிரிக்காவில் பரவலாக இருப்பது வேறு ரகம், எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு காயில் (கம்பிச் சுருள்), அதன் நடுவே மூடிய குழாய், குழாய்க்குள் சிலிக்கான் எண்ணெய், ஸ்பிரிங், ஓர் இரும்புத் துண்டு. அளவான கரண்டில் ஸ்பிரிங் ஜெயிக்கும், இரும்பு அசையாது. அளவு மீறினால் காந்தம் அதை இழுக்கும். ஆனால் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு மெதுவாகத்தான் நகர முடியும். அது மறுமுனையைத் தொடுவதற்குள் மோட்டார் வேகம் பிடித்து கரண்ட் இறங்கிவிட்டால், ஸ்பிரிங் இரும்பைத் திருப்பி அனுப்பிவிடும். இறங்காவிட்டால் இரும்பு முனையைத் தொடும், காந்தவிசை பெருகும், பிரேக்கர் விழும். ஷார்ட் சர்க்யூட் என்றால் இரும்புக்காகக் காத்திருப்பதே இல்லை, காயிலின் காந்தமே போதும். ஒரு துளி எண்ணெயின் பிசுபிசுப்பைக் கடிகாரமாக்கிய மூளைக்கு ஒரு கும்பிடு!

வெயிலில் தகரக் கூரைக்கடியில் பிரேக்கர்கள் இருக்கும் டி.பி. பெட்டி கொதித்தாலும் இது விழும் அளவு மாறாது. எண்ணெய் இளகித் தாமதம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 60 டிகிரியைத் தாண்டிய பாறைகள் உள்ள நம் ஆழமான தங்கச் சுரங்கங்களில் இது எத்தனை பெரிய விஷயம்!

ஒரு குறை உண்டு. சற்றுமுன் மோட்டார் சூடானது இதற்கு நினைவிருக்காது. விழுந்ததும் தூக்கிவிடலாம், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யலாம். உள்ளே மோட்டாரின் வைண்டிங் (கம்பிச் சுற்று) வெந்துகொண்டிருக்கும். அதனால் மோட்டாருக்கென்று தனியாக ஓவர்லோட் ரிலே, அதாவது சுமை மீறினால் மோட்டாரை நிறுத்தும் கருவி, அவசியம். அதன் திருகை மோட்டார் தகட்டில் பொறித்த ஆம்பியருக்கு வையுங்கள், பிரேக்கரின் ஆம்பியருக்கு அல்ல. ஒரு பேஸ் போனாலும் நிறுத்திவிடும் ரகமாக வாங்குங்கள். விழுந்த ரிலே சில நிமிடம் ரீசெட் ஆகாமல் அடம்பிடிக்கும். மோட்டாரும் அந்நேரம் ஆறட்டும், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.